உன் மாமனாரின் ஃப்ரீசியாப் பூக்கள்

கண்ணு,

நேற்று உன் மாமனார் வந்திருந்தார். போன் போட்டிருந்தால் அவிநாசிக்கே கார் அனுப்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை. கோத்தகிரியில் விடியற்காலை பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மாறி, திருப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து, வீரபாண்டியில் நம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் பேரைச் சொல்லிவிட்டு வெயிலில் நின்றிருக்கிறார். நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். தண்ணீர் குடித்தார். உன் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். "பசுமைக்குடில் அத்தனையும் உங்க பொண்ணு பேருக்கே எழுதிடலாம்னு இருக்கறேனுங்க சம்பந்தி. எம் பையன் வாத்தியாரு, அவனுக்குப் பள்ளிக்கூடந்தான் உசுரு. பூவெல்லாம் உங்க பொண்ணு கையிலதான் வருது. ஆனா உங்க பொண்ணு, எங்கப்பா வாயால ஒரு வார்த்தை சொல்லாம கையெழுத்துப் போடமாட்டேன்னு ஒரே புடியா நிக்குதுங்க." நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தேன். பிறகு, "அவகிட்ட நானே சொல்லிக்கறேனுங்க" என்றேன். இந்தக் கடிதம் அதற்காகத்தான். போனில் சொல்லியிருக்கலாம். என் குரலை வைத்தே என் மனசு என்ன நினைக்கிறது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே அது பொய்த்துவிட்டது. அதனால் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. தொழிலில் எனக்குப் பொறாமை பழக்கம்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர் புது நிட்டிங் மெஷின் இறக்கினால் இரண்டு நாள் வயிறு எரியும், மூன்றாம் நாள் என் வேலை என்னை இழுத்துக்கொண்டு போய்விடும். இது அப்படிப் போகவில்லை. உன் கல்யாணம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது. அவரிடம் ஏதாவது ஒரு குறை கிடைத்தால் ஆறுதலாக இருக்குமே என்று தேடியும் பார்த்துவிட்டேன். குடிப்பதில்லை, கோபம் வருவதில்லை, யாரைப் பற்றியும் இளக்காரமாகப் பேசுவதில்லை. பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் நாலு வார்த்தை பேசுகிறார். இப்படிப்பட்ட மனிதர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது.

எனக்கு வாசனை தெரியாது என்பதை நீயும் நானும் இதுவரை வாய்விட்டுப் பேசியதே இல்லை. வெள்ளகோவில் பக்கம் இருந்த தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் வந்தபோது முதலில் நான் வேலை பார்த்தது ஒரு ப்ளீச்சிங் பட்டறையில். தொட்டியில் மருந்து கலக்கும்போது கண்ணும் மூக்கும் எரியும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னால் நாங்கள் சிரிப்போம். சொந்தமாகக் கம்பெனி போட்ட பிறகு ஒருநாள் வீட்டில் பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அடுப்புக்குப் பக்கத்து அறையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் உன் அம்மாவுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அதை வெளியில் சொல்ல முடியாது. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியைச் சரியாக அலசாவிட்டால் அதில் ஒரு புளிப்பு வாசம் நிற்கும் என்பார்கள். அதை மோந்து பார்க்காமல் கட்டிங்குக்கு அனுப்பினால் சரக்கு கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். மூக்கில்லாத முதலாளி என்று தெரிந்தால் பட்டறைக்காரன் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டுவான்.

அதனால்தான் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். துணி ரோலை விரித்து, "கண்ணு, இதை மோந்து பாரு" என்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு முகத்தைப் புதைப்பாய். "அப்பா, இது புளிக்குது." "அப்பா, இதுல மண்ணெண்ண வாசம் வருது." "இது நல்லாருக்குப்பா, மழை மாதிரி இருக்கு." நான் பட்டறைக்காரனுக்குப் போன் போட்டு, நானே மோந்து கண்டுபிடித்த மாதிரி சத்தம் போடுவேன். வீரபாண்டியில் எனக்கு மூக்கு கூர்மை என்று பேரே உண்டு. அது உன் மூக்கு. நீ டெக்ஸ்டைல் படித்து முடித்து என் எதிர் மேஜையில் உட்கார்ந்தபோது, இனிமேல் எனக்குக் கவலையில்லை என்று நினைத்தேன். கம்பெனியை நீதான் பார்ப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பிறகு கோத்தகிரி சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க நாம் போனது மாசி மாதம். வேனைவிட்டு இறங்கியதும் உன் அம்மா நடக்காமல் நின்றுவிட்டாள். நீயும் நின்றாய். வழியின் இரண்டு பக்கமும் பூ. இலை எல்லாம் சின்னச் சின்ன விசிறி மாதிரி தட்டையாக நின்றது. நடுவிலிருந்து ஒரு தண்டு மேலே வந்து, நுனிக்கு முன்னால் சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, மடங்கின இடத்திலிருந்து வரிசையாகப் பூக்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அடியில் இருந்தது விரிந்து, அடுத்தது பாதி, கடைசியில் பச்சை மொட்டு. அழகுதான், எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் உங்கள் இரண்டு பேர் முகத்திலும் வந்தது கண்ணால் பார்த்து வந்தது இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டாய். துணியில் முகம் புதைக்கும்போது வரும் முகம்தான், ஆனால் அப்போது அதில் வேலை இருக்கும். இங்கே வெறும் சந்தோஷம். இருபது வருஷத்துக்கு மேல் உன்னை வளர்த்தவன் நான். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவருடைய வாசலில் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன்.

உன் மாமனார் வந்து கும்பிட்டு, "ஃப்ரீசியாங்க" என்றார். தான் வேலை பார்த்த டீ எஸ்டேட்டில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது, புல்லோடு புல்லாகக் காட்டுத்தனமாகக் கிடந்த கிழங்குகளைத் தோண்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதுதான் அந்தச் சந்தன நிறத்துப் பூ, தொண்டையில் மட்டும் மஞ்சள் தீற்றியது. பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியாம். பசுமைக்குடிலில் இருந்த ஊதா, ரோஸ், அடுக்கு மஞ்சள் எல்லாம் பிற்பாடு ஆட்கள் கலந்து உண்டாக்கியவை, விற்பனைக்கானவை என்றார். "நெறம் ஏற ஏற வாசம் கொறஞ்சுருதுங்க. காட்டுப் பூவுக்குத்தான் வாசம் நெறைய." உன் அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்துகொண்டே போனாள். எல்லோரும் குனிகிறார்கள் என்று நானும் குனிந்தேன். கால் ஓரத்தில் சின்னதாக, குங்குமச் சிவப்பில் ஒரு பூ இருந்தது. இதழின் அடியில் இன்னும் கருஞ்சிவப்பாக மூன்று பொட்டு. அதை மூக்கருகில் பிடித்து, மூச்சை நன்றாக இழுத்து, "ஆஹா, இதுதானுங்க எல்லாத்துலயும் வாசம்" என்றேன்.

குனிந்திருந்த உன் அம்மா நிமிர்ந்தாள். அது வாசமே இல்லாத வகை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஃப்ரீசியாவுக்குப் பங்காளி முறை, விதை விழுந்த இடத்தில் எல்லாம் தானாக முளைக்கும், நிறம் மட்டும்தான் உண்டு. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நீ மோந்து கொடுத்த ரோல் அத்தனையும் உனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. உன் மாமனாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் கண் இமைக்கவில்லை. "மேக்கிருந்து மேகாத்து அடிக்குதுங்க, அந்தப் பக்கத்து வாசமெல்லாம் இங்க வந்து தங்கிருச்சு. வாங்க, காப்பி ஆறிரும்" என்று என் தோளில் கைவைத்து உள்ளே கூட்டிப்போனார். அவர் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது மலை இறங்கும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். மேட்டுப்பாளையம் வந்ததும் உன் அம்மா, "எடம் பிடிச்சுருக்குதுங்களா?" என்றாள். பிடித்திருக்கிறது என்று சொன்னேன். மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. பூ நன்றாக வளர்க்கிறார் என்பதைக் காரணமாகச் சொல்ல முடியுமா?

கல்யாணம் ஆகி நீ போன பிறகு வாரத்துக்கு இரண்டு முறை போன் பண்ணுவாய். முதல் ஒரு மாதம் எல்லாம் மாமா, மாமா என்றுதான் பேச்சு. கிழங்கை எப்போது தோண்டவேண்டும் என்று மாமா சொன்னார், பூவை முதல் மொட்டு விரிகிற நேரத்தில் வெட்டவேண்டும் என்று மாமா சொன்னார். அது பரவாயில்லை. ஐப்பசியில் ஒருநாள், "அப்பா இப்பத்தான் சந்தைக்குப் போயிட்டு வந்தாரு" என்றாய். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், எந்தச் சந்தைக்குப் போனேன் என்று ஒரு நொடி குழம்பிவிட்டேன். பிறகுதான் விளங்கியது. நீ அதைக் கவனிக்காமலேயே பேசிக்கொண்டு போனாய். மாப்பிள்ளை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு உன் வாயிலும் வந்திருக்கும்.  அன்று மத்தியானம் பேக்கிங்கில் ஒன்றுமில்லாத விஷயத்துக்காக ஒருவரிடம் கத்திவிட்டேன்.

அடுத்த கோடையில் நீ வந்தபோது ஒரு துணிப்பையில் கிழங்கு கொண்டுவந்தாய். ஒற்றைப்பல் பூண்டு மாதிரி, மேலே வலை பின்னின மாதிரி நார். "இங்க சூட்டுக்கு வராதுப்பா, சும்மா ஆசைக்கு வெச்சுப் பாரு. அவருதான் குடுத்துவிட்டாரு" என்றாய். வராது என்று சொன்னதை விட, உன் மாமனார் கொடுத்துவிட்டார் என்றதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் தொட்டி வைத்து நட்டேன். இலை வந்தது, முழ உயரத்துக்கு வந்தது. மாசி போய்ப் பங்குனியும் வந்தது, பூ வரவில்லை. வெயில் ஏறியதும் இலை மஞ்சளாகிப் படுத்துவிட்டது. நீ போனில் கேட்டபோது, "தண்ணி ஊத்த நேரமில்ல கண்ணு" என்று சொன்னேன். தினமும் காலையில் போய் அதன் முன்னால் நின்றேன் என்று சொல்லவில்லை.

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கோடை முழுக்கச் சூட்டில் தூங்கிய கிழங்கு, பிறகு வேரடியில் குளிர் பட்டால்தான் மொட்டு கட்டும். திருப்பூரில் குளிருக்கு எங்கே போவது? சாம்பிள் ரூமில் ஏசி இருக்கிறதே என்று தோன்றியது. அடுத்த ஐப்பசியில் கிழக்கு ஜன்னல் ஓரம் தொட்டிகளை வரிசையாக வைத்து, ஏசியில் குளிரைக் கூட்டிவிட்டேன். சாம்பிள் டெய்லர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைத்தார். "ஏனுங்க, துணிக்கு ஏதாச்சும் டெஸ்டுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கரண்ட் போனால் நானே ஓடிப்போய் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பேன். உன் அம்மா, "பேத்தி பொறந்தாக்கூட இப்பிடிப் பண்ணமாட்டீங்க போல" என்றாள். பொங்கலுக்கு முந்தின வாரம் இலைகளுக்கு நடுவில் தண்டு தெரிந்தது. அது உயர்ந்து, மடங்கி, ஐந்தே மொட்டு வைத்தது. சந்தன நிறம்.

முதல் பூ விரிந்த அன்று நான் கதவைத் திறந்து உள்ளே போனேன், பார்த்தேன், அவ்வளவுதான். வாசம் இருக்கிறதா இல்லையா என்று தெரிய எனக்கு வழியில்லை. வெளியே வந்து, செக்கிங்கில் வேலை செய்யும் தென்காசிக்கார அக்காவைக் கூப்பிட்டு, உள்ளே போய் ஒரு பீஸ் எடுத்துவரச் சொன்னேன். அவர் போனவர் வரவேயில்லை. எட்டிப் பார்த்தால் பூவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னங்கய்யா இது, இவ்வளவு மணக்கு? எங்க ஊர்ல சாமிக்குச் சாத்துத பூவெல்லாம் தோத்துரும் போலுக்கே." அதன்பிறகு மத்தியானம் வரை ஆள் மாற்றி ஆள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு சாம்பிள் ரூமுக்குப் போய் வந்தார்கள். அயர்னிங்கில் இருக்கும் பீகார்காரர்கள் கூட வந்து, அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என் கம்பெனியில், என் ஏசியில், நான் வளர்த்த பூ. அதை அனுபவிக்காத ஆள் நான் ஒருவன்தான். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ஒவ்வொருவர் மேலும் பொறாமைப்பட்டேன். உடனே உனக்குப் போன் போட்டேன். நீ வந்து மோந்து பார்த்து, அவருடையதைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். "இப்ப முகூர்த்த சீசன்ப்பா, பூ வெட்டு நடக்குது, பத்து நாள் கழிச்சு வர்றேன்" என்றாய். பத்து நாளில் பூ இருக்காது என்று உனக்குத் தெரியும். நீ வரவில்லை. நேற்று அவர் வந்தார்.

பத்திர விஷயம் பேசி முடித்த பிறகு, "உங்க பூவப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். கடைசி இரண்டு பூ மிச்சம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து நிதானமாக மோந்தார். "எப்பிடீங்க?" என்றேன். "அருமையா இருக்குதுங்க. எங்க ஊட்டுப் பூவவிடத் தூக்கலா இருக்குது." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு மேகாத்துன்னு சொன்னீங்களே, அப்பிடித்தானுங்களா இதும்?" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரிங்க, நெசத்தச் சொல்லிர்றேன். வாசம் கொஞ்சம் கம்மிதானுங்க. ரூமுக்குள்ள வளந்தது, வெயில் பத்தல. ஆனா திருப்பூர்ல இது பூத்துருக்குதுன்னு நான் யாருகிட்டச் சொன்னாலும் நம்பமாட்டாங்க." அவர் தோற்றதாகச் சொன்னபோது வராத சந்தோஷம், நான் தோற்றதாகச் சொன்னபோது கொஞ்சம் வந்தது.

பிறகு அவர் சொன்னார், சாதாரணமாகத்தான் சொன்னார்: "அந்தச் செகப்புப் பூவ வாசப்படியோரம் பூராப் பரப்பிருச்சுங்க உங்க பொண்ணு. மத்ததப் பின்னால மாத்திருச்சு. வாசமில்லாதத எதுக்கு முன்னால வெக்கறே அம்மிணின்னு கேட்டேன். அதுக்கு, எங்கப்பா வந்தா, இதுக்கு முன்னால நிக்கறப்ப எல்லாரும் எங்கப்பா மாதிரிதான் மாமா, யாருக்கும் வாசம் தெரியாது, பாத்துட்டுப் போலாம்னு சொல்லுச்சு."  சாம்பிள் டெய்லர் இருந்ததால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணு, உனக்குச் சிரிப்பு வரும், அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இதை நீ எனக்காகச் செய்திருக்கிறாய், ஆனால் அவரிடம் சொல்லியிருக்கிறாய். மாமா என்று கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்கிறாய் என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது என் பதில். எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொள். கையெழுத்துப் போடு. நீ அங்கே ஒரு காலும் இங்கே ஒரு காலுமாக நின்றால் இரண்டு தொழிலும் கெடும், எனக்கு அது நன்றாகத் தெரியும். என்னிடம் கற்றது கொஞ்சம் உனக்கு அங்கே பயன்படும். வாங்க வருகிறவன் பூவை ரொம்பப் புகழ்ந்தால் விலையைக் குறைக்கப்போகிறான் என்று வைத்துக்கொள். பூ வெட்ட வரும் பெண்களுக்கு மழை நாளில் முதலில் டீ கொடு, பிறகு வேலை சொல். முடியாத தேதிக்கு ஒத்துக்கொள்ளாதே. நான் ஒத்துக்கொண்டு இரண்டு தீபாவளியை உன் அம்மா தனியாகக் கொண்டாடினாள். குடிலுக்குள் மருந்தடிக்கும்போது மூக்கையும் வாயையும் நன்றாகக் கட்டு, கட்டச் சொன்னால் சிரிக்கிறவர்களை வேலைக்கு வைக்காதே. உன் மாமனார் கட்டுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவரையும் கட்டச் சொல். அவருக்கும் வாசம் தெரியாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நான் நினைத்த நாள் உண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை.

உன் மேஜையில் இன்று காலையிலிருந்து ஈரோட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மெர்ச்சண்டைசிங் தெரிந்தவள், சுறுசுறுப்பு. முதல் ரோல் வந்ததும் அவளிடம் விரித்துக் காட்டி, "எனக்கு வாசம் தெரியாதும்மா, நீ பாத்துச் சொல்லு" என்றேன். கட்டிங் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மோந்துவிட்டு, "நல்லாருக்குங்க சார்" என்றாள். மழை மாதிரி இருக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

பத்திரப் பதிவு வியாழக்கிழமை என்று உன் மாமனார் சொன்னார். நானும் உன் அம்மாவும் புதன்கிழமை சாயங்காலமே வந்துவிடுவோம். பதிவு முடிந்ததும் குடிலுக்கு முன்னால் மாப்பிள்ளை போட்டோ எடுப்பார். நீ நடுவில் நில். உன் மாமனார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது பக்கம் எனக்கு. அதை அவரிடம் இப்போதே சொல்லிவை.